அரைச் சுரம் இறங்கிய தபால்காரன்

என் நாத்தனார் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது இவ்வளவும். வாய் தவறி என்றும் சொல்ல முடியாது, நன்றாகத் தெரிந்தேதான் சொன்னார். கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு பெரியம்மா வந்து உட்கார்ந்தார். அதற்கு முன்னால் சித்தப்பா வந்து உட்கார்ந்திருந்தார். அதற்கும் முன்னால் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டும் போயிருந்தார். நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் கடை மூலையில் நின்ற வீடியோ கேம் பெட்டியைக் கை காட்டி, "அதுல என்னைத் தோக்கடிக்கிறவரைத்தான் கட்டிக்குவேன். அப்படி ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, பேசலாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். பெரியம்மா பெட்டியைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரரின் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். தம்பிக்குக் கல்யாணம் செய்து, கடை வைத்துக் கொடுத்து, கடைக்கு வருகிறவர்களையும் அதட்டி உருட்டி ஒழுங்காக வைத்திருப்பவர். எங்களுடையது சலவைக் கடை. சுவரோரம் துவைக்கும் மெஷின்கள், எதிரே உலர்த்தும் மெஷின்கள், நடுவில் துணி மடிக்க நீளமான மேசை. கவுண்டரில் அண்ணி இருப்பார். உள்ளே நீராவி இஸ்திரிப் பெட்டியோடு என் வீட்டுக்காரர் மல்லுக்கட்டுவார். எனக்கு அந்தத் தொழில் ஒத்துவரவில்லை. நான் மடித்த துணியை அண்ணி என் கண்ணெதிரிலேயே பிரித்து மறுபடி மடிப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், அதுதான் எரிச்சல். அதனால் பின்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன். பழைய வீடியோ கேம் பெட்டிகளின் போர்டுகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஆசைக்கு அவற்றை வாங்கி வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ பார்சலில் அனுப்புவார்கள்.

கடை மூலையில் நிற்பது நான் முதன்முதலில் உயிர் கொடுத்த பெட்டி. அதன் பெயர் எழுதியிருந்த பலகை எப்போதோ உடைந்துவிட்டது. நாங்கள் வைத்த பெயர் தபால்காரன். திரையில் ஒரு குட்டித் தபால்காரன் பையை மாட்டிக்கொண்டு ஓடுவான். வீட்டுக்கு வீடு கடிதம் போட வேண்டும். நாய்கள் துரத்தும். வெள்ளை நாய் நேராக வரும், பழுப்பு நாய் சந்து வழியாக வரும், கறுப்பு நாய் அதன் இஷ்டத்துக்கு வரும். வருகிறபோது குதிக்க வேண்டும். மூன்று தடவை கடி வாங்கினால் ஆட்டம் முடிந்தது. பின்னணியில் ஒரு குட்டிப் பாட்டு ஓயாமல் ஓடும். ஒருநாள் கேட்டால் ஒரு வாரத்துக்குக் காதை விட்டுப் போகாது.

இதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. இடது கையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளரைத் திரும்பிப் பார்த்து "போர்வை நாளைக்குத்தான், இன்னைக்குக் கேட்டா கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டே கறுப்பு நாயைத் தாண்டிவிடுவார். பார்க்கிறவர்களுக்குத்தான் மூச்சு நின்றுபோகும்.

இப்படி இருக்கும்போதுதான் சுதி சார் வந்து சேர்ந்தார். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். பள்ளிக்கூடம், ஓட்டல், பெரிய வீடு என்று ஒரு தோல் பையைத் தூக்கிக்கொண்டு போவார். சுதி சார் என்பது என் வீட்டுக்காரர் வைத்த பெயர். இந்தப் பெயரால் பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர் ரொம்ப நாள் அவரைப் பெரிய குடிகாரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சுதியில் இருந்தாலும் மனுஷன் கால் பின்னாமல் நடக்கிறாரே என்று எங்களிடம் வந்து வியந்துவிட்டுப் போவார்.

முதல் தடவை அவர் வந்தது வீட்டு மெஷின் கெட்டுப்போனதால். அன்றைக்கு அண்ணி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில், துவைத்து முடிந்த துணியை எடுக்கவே மறந்துவிட்டார். அடுத்த தடவை, ஏற்கனவே துவைத்து இஸ்திரி போட்ட சட்டைகளைத் துவைக்கக் கொண்டுவந்தார். அழுக்குத் துணி கொண்டுவருகிறவர்களையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற அண்ணி, ஒன்றுமே கேட்காமல் வாங்கி உள்ளே போட்டார். அப்போதே எனக்கு மூக்கில் வேர்த்தது. சில வாரம் கழித்து, அவருடைய சட்டைக் காலரை அண்ணி மெஷினில் போடாமல் கையால் கசக்குவதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் காலர் அந்தப் பாக்கியத்தை ஒருநாளும் கண்டதில்லை.

அண்ணியின் நிபந்தனை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. என் வீட்டுக்காரருக்கு ஓட்டை வாய். தெரிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் வந்து, சட்டையை மெஷினில் போட்டுவிட்டு, ஆடித் தோற்று, துணியை எடுத்துக்கொண்டு போவார். அவர் ஆடுகிற அழகைச் சொல்லி மாளாது. நாய் வருகிற நேரத்தில் குதிக்காமல், நாய் வந்து கடித்துவிட்டுப் போன பிறகு குதிப்பார். ஒவ்வொரு கடிக்கும் திரையைப் பார்த்து, "அடடா, மன்னிச்சுக்கப்பா" என்று தபால்காரனிடம் சொல்வார். அண்ணி பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்ப்பார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் நான் எதிலும் கை வைத்திருக்க மாட்டேன். ஒரு ஞாயிறு அவர் தோற்று முடித்ததும், வேறு ஊரில் இசைக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். அங்கே அறை அறையாகப் பியானோ இருக்கிறதாம். வரும் ஞாயிறுதான் இங்கே கடைசி. "நல்லது, போயிட்டு வாங்க" என்றார் அண்ணி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். அன்றைக்கு மாலை முழுக்க, மடித்து வைத்திருந்த துவாலைகளைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அவரே மடித்தவை அவை.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணி, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வீம்பு? அந்த நிபந்தனையை விட்டுத் தொலைங்களேன்."

"சொன்ன சொல்லை மாத்தச் சொல்றியா? நாளைக்கே பெரியம்மா வந்து உக்காந்துக்கிட்டு, 'அன்னைக்கு என்னமோ பேசினே'ன்னு ஆரம்பிப்பாங்க. சாகிற வரைக்கும் ஆரம்பிப்பாங்க."

"பெரியம்மாவுக்காகவா நீங்க வாழறீங்க?"

"அதோட, அவரும் வாயைத் திறந்து கேக்கலையே" என்றார் அண்ணி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். மறுநாள் மிச்சமிருந்த ஒரு சட்டையை வாங்க வந்தவரை வாசலில் மடக்கி, "நீங்களாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றேன்.

"ஜெயிச்சுட்டுக் கேக்கிறேன்மா. அவங்க சொன்னதை மதிக்காம எப்படிக் கேக்கறது?" என்றார் சுதி சார்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீங்க எப்போ சார் ஜெயிக்கப் போறீங்க?"

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தேறியிருக்கேன்னு நினைச்சேனே" என்றார் பாவமாக.

ஒன்று கல், இன்னொன்று கருங்கல். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தால் ஞாயிறு வந்து போய்விடும், அண்ணி ஆயுசுக்கும் துவாலை மடித்துக்கொண்டிருப்பார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவேன்.

போர்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நக அளவில் ஒரு தகர டப்பா இருக்கும். கிரிஸ்டல் என்போம். அதற்குள்ளே ஒரு கல் சில்லு நிற்காமல் துடிக்கும். தபால்காரனின் கிரிஸ்டலில் பதினெட்டு என்று எழுதியிருந்தது. நொடிக்கு ஒரு கோடியே எண்பது லட்சம் துடிப்பு என்று அர்த்தம். நாய் கால் எடுத்து வைப்பது, தபால்காரன் குதிப்பது, திரையில் படம் விழுவது எல்லாமே அந்தத் துடிப்பை எண்ணித்தான் நடக்கும். என் உதிரிப்பாக டப்பாவில் பதினேழு என்று எழுதிய கிரிஸ்டல் ஒன்று கிடந்தது. இதை எடுத்துவிட்டு அதைப் போட்டால் நாய்கள் கொஞ்சம் சோம்பேறியாகும். கொஞ்சம்தான். ரொம்ப மெதுவாக்கினால் பார்த்ததுமே குட்டு உடைந்துவிடும்.

இது மோசடி இல்லையா என்று கேட்பீர்கள். அண்ணிக்கும் அதே வேகம், அவருக்கும் அதே வேகம். இதில் எங்கே வந்தது மோசடி? இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, ஓட்டலுக்கு மேசைத் துணிகளைக் கொடுக்க அண்ணி வண்டியில் கிளம்பினார். நான் பெட்டியின் பின்கதவைத் திறந்து போர்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோனேன். ஈயத்தை உருக்கிப் பழைய கிரிஸ்டலை எடுத்தேன். நேராகப் புதியதைப் பற்றவைக்காமல், இரண்டு துளை உள்ள ஒரு சின்ன சாக்கெட்டைப் பற்றவைத்து அதில் பதினேழைச் செருகினேன். எல்லாம் முடிந்ததும் பழையதைத் திரும்பச் செருகிவிடலாம், யாருக்கும் தெரியாது. போர்டை மாட்டி மின்சாரம் கொடுத்தால் படம் சாய்ந்து பட்டை பட்டையாகக் கிழிந்தது. புது வேகம் திரைக்குப் பழக்கமில்லை. பின்பக்கத்தில் இருந்த திருகை மெல்லத் திருப்பினேன், படம் நேராக நின்றது.

பாட்டும் அதே துடிப்பில் ஓடுவதுதான். துடிப்பு குறைந்தால் பாட்டின் குரலும் இறங்கும். கேட்டுப் பார்த்தேன். தபால்காரனுக்கு லேசாகத் தொண்டை கட்டியது போல இருந்தது, அவ்வளவுதான். இதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கதவை மூடினேன். இதைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு மனுஷனுக்காகத்தான் இவ்வளவு பாடும் படுகிறேன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. என்னைப் போன்ற புத்திசாலி இந்தத் தெருவில் உண்டா?

சோதித்துப் பார்க்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதும் வாசலில் போர்டு எழுதி மாட்டுவதும் ஒன்று. "சும்மா ஒரு ஆட்டம் ஆடுங்களேன்" என்றேன். மனுஷன் வாழ்நாளில் தொடாத தெருவையெல்லாம் தொட்டார். கறுப்பு நாயை இரண்டு தடவை தாண்டினார். ஆடி முடித்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பாத்தியா? இத்தனை நாளா எனக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு. இஸ்திரி போட்டுப் போட்டு இந்த மணிக்கட்டு இருக்கே, அது..."

"ஆமாங்க, மணிக்கட்டுதான். போய் அந்தக் கோட்டைத் தேயுங்க."

பகல் வெயில் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தபோது சுதி சார் வந்தார். கையில் துணி இல்லை, வாசலில் பயணப் பெட்டி. அண்ணி அதை ஒரு தடவை பார்த்தார், மறுபடி பார்க்கவில்லை. இரண்டு மெஷின்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. போர்வைக்காகக் காத்திருந்த ஒரு அம்மாவும், விஷயம் தெரிந்து சும்மா எட்டிப் பார்க்க வந்த பூட்டுக் கடைக்காரரும் மேசையோரம் நின்றார்கள்.

"முதல்ல நான் ஆடறேன்" என்றார் அண்ணி. எப்போதும் அவர்தான் முதலில்.

முதல் தெருவிலேயே என் கணக்குத் தப்பியது. வெள்ளை நாய் வந்தது, அண்ணி குதித்தார், இறங்கினார், நேராக நாயின் முதுகிலேயே. அண்ணியின் விரலுக்கு அந்த நாய்களின் நடை மனப்பாடம். கண்ணால் பார்த்து அவர் ஆடுவதே இல்லை. பழைய வேகத்துக்குக் கை பழகிவிட்டது. நாய் இங்கே இருக்க வேண்டும் என்று கை குதிக்கிறது, நாயோ இன்னும் அங்கேயே வந்துகொண்டிருக்கிறது. மெதுவாக்கினால் எல்லோருக்கும் சுலபம் என்று கணக்குப் போட்டேன். அண்ணிக்கு அதுவே வினையாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது கடியில் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு எதிரியாக நான் வைத்த நாய்களை விட்டுவிட்டு, அவர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது கடி பழுப்பு நாயிடம். வழக்கமாக வாங்குகிற புள்ளியில் கால்வாசிகூட இல்லை. பூட்டுக் கடைக்காரர் "என்னம்மா இது" என்று ஆரம்பித்தார், நான் முறைத்த முறைப்பில் வாயை மூடினார்.

அண்ணி நகர்ந்து நின்றார். சுதி சார் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். பாட்டு ஆரம்பித்தது. அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல அவர் புருவத்தைச் சுருக்கினார். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

ஆனாலும் ஆடினார். நாய்கள் அவருடைய வேகத்துக்கு இறங்கி வந்திருந்தன. ஒரு தெரு முடித்தார், அடுத்த தெரு முடித்தார். ஒரே ஒரு கடிதான் வாங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "சார், இன்னும் ரெண்டே வீடு! ரெண்டே வீடு!" என்று குதித்தார். ஒரு வீடு போனது. இன்னும் ஒரு கடிதம் போட்டால் அண்ணியைத் தாண்டிவிடுவார்.

அண்ணி திரையைப் பார்க்கவில்லை. தன் விரல்களை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை போயிடுச்சு போலிருக்கு" என்று மெல்லச் சொன்னார், யாரிடமும் இல்லாமல். "வயசாயிடுச்சு."

சுதி சார் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஐயோ, என்ன சார்!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். தபால்காரன் கடைசி வீட்டு வாசலில் அப்படியே நின்றான். கறுப்பு நாய் வந்து கடித்தது. கடைசி உயிரும் வந்து நின்றது.

"உங்க கைக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார் சுதி சார், அண்ணியைப் பார்த்து. "மெஷின்தான் மெதுவா ஓடுது. சுரம் இறங்கியிருக்கு."

"யாருக்குச் சுரம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாட்டுக்கு. அரைச் சுரம் இறங்கியிருக்கு."

"சுரம் இறங்கினா நல்லதுதானே சார்? அதுக்கு ஏன் கையை எடுத்தீங்க?"

நான் அவர் காலை மிதித்தேன். சுதி சார் அதைக் கவனிக்கவில்லை. "ஆரம்பத்துலயே கேட்டுச்சு. வாஷிங் மெஷின் சத்தத்துல அப்படித் தோணுதுன்னு நினைச்சேன். இல்ல, நினைக்கணும்னு ஆசைப்பட்டேன். எல்லா சுரமும் ஒரே அளவுக்கு இறங்கியிருக்கு, தாளமும் மெதுவாயிருக்கு. நீங்க சரியாத்தான் குதிச்சீங்க. நாய்தான் லேட்டு." அதற்குள் மூன்றாவது நாயும் தன் வேலையை முடித்துவிட்டது. திரையில் ஆட்டம் முடிந்தது என்று வந்தது. அண்ணியின் புள்ளிதான் மேலே.

ஜெயிப்பதற்கு ஒரு கடிதம் பாக்கி. அதை விட்டுவிட்டு அண்ணியின் விரலுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு நிற்கிறார் மனுஷன். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

அண்ணி விரல்களை இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது. திரும்பியது என்றால், நேராக என் பக்கம் திரும்பியது.

"இவளே."

"அண்ணி..."

"இந்தக் கடையில மெஷினைத் திறக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். என்ன பண்ணி வெச்சே?"

திருதிருவென்று முழித்தேன். பிறகு எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "பண்ணினேன்தான். கிரிஸ்டலை மாத்தினேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நீங்களும் இறங்க மாட்டீங்க, அவரும் கேக்க மாட்டார். அதான் நாயை இறக்கினேன். இவர் போனப்புறம் யாரோட காலரைக் கசக்குவீங்க?"

சுதி சார் தன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மெல்ல, "அப்போ காலையில நான் ஆடினது?" என்றார்.

"பழையதைப் போடு" என்றார் அண்ணி. "இப்பவே. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மறுபேச்சு பேசாமல் மின்சாரத்தை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பதினேழைப் பிடுங்கிப் பதினெட்டைச் செருகினேன். திருகையும் பழையபடி திருப்பினேன். என் பின்னால் அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது முதுகில் சுட்டது. பாட்டு ஆரம்பித்ததும் சுதி சார் தலையை ஆட்டி, "இப்போ சரியா இருக்கு" என்றார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இவ்வளவு திருப்தியாகச் செய்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

"மறுபடியும் ஆடுவோம்" என்றார் அண்ணி. ஜாய்ஸ்டிக் முன்னால் போய் நின்றார். ஆட்டம் ஆரம்பித்தது. வெள்ளை நாய் தெருமுனையில் திரும்பியது.

அண்ணி இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார்.

"அக்கா! நாய்!" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியுதுடா."

நாய் வந்து கடித்தது. பழுப்பு நாய் வந்து கடித்தது. கறுப்பு நாய் மட்டும் நம்ப முடியாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கடித்தது. அண்ணியின் புள்ளி பூஜ்யம். இந்தப் பெட்டி அதை அவர் பெயருக்கு நேராகக் காட்டியதே இல்லை.

"இது சரியாங்க?" என்றார் சுதி சார். "நீங்க ஆடவே இல்லையே."

"நான் எப்படி ஆடணும்னு நீங்க சொல்லித் தராதீங்க. தோக்கடிக்கணும்னுதான் சொன்னேன், எப்படின்னு சொல்லல. ஒரே ஒரு கடுதாசி போட்டா போதும். போடுவீங்களா, ரயிலுக்கு நேரமாச்சா?"

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு கடிதம். பத்துப் புள்ளி. சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும். முதல் உயிர் முதல் வீட்டு வாசலுக்குப் போகும் முன்பே போனது. "அடடா, மன்னிச்சுக்கப்பா" என்றார். வெள்ளை நாய் பழைய வேகத்தில் பாய்ந்து வந்தது, அவர் பழைய வழக்கப்படி கடி வாங்கிய பிறகு குதித்தார். இரண்டாவது உயிரில் ஜாய்ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார். தபால்காரன் வீட்டை விட்டுவிட்டு நாயைத் தேடிக்கொண்டு ஓடினான். போர்வைக்காரம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பூட்டுக் கடைக்காரர், "இன்னைக்கு நெஜமாவே சுதியிலதான் வந்திருக்காரு" என்று முணுமுணுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையே தவம் கிடக்கிறது, அண்ணி இறங்கி வந்து பூஜ்யத்தில் நிற்கிறார், இந்த மனுஷனுக்கு ஒரு கடிதம் போட வரவில்லையே.

கடைசி உயிர். தபால்காரன் நடந்தான். வீட்டு வாசல் தெரிந்தது. இடது பக்கத்திலிருந்து வெள்ளை நாய் கிளம்பியது. சுதி சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், விரல் பட்டன் மேலேயே உறைந்து போயிருந்தது.

"அதைப் பாக்காதீங்க" என்றார் அண்ணி. அவர் பக்கத்தில் போய் நின்றிருந்தார். "காதாலதான் எல்லாம் பண்றீங்களே, என் குரலைக் கேளுங்க. இருங்க. இருங்க. இப்போ குதிங்க!"

அவர் குதித்தார். தபால்காரனோடு சேர்ந்து அவரும் குதித்தார், இரண்டு காலும் தரையை விட்டு எழும்பின. நாய் அடியில் போனது. கடிதம் பெட்டியில் விழுந்தது. திரை மூலையில் பத்து என்று வந்து நின்றது.

அடுத்த நாய் வந்து தபால்காரனைக் கடித்ததையும் யாரும் சட்டை செய்யவில்லை. சுதி சார் திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், எதையோ கேட்க வாயைத் திறந்தார்.

கேள்வி வரட்டும் என்று அண்ணி காத்திருக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் கவுண்டரிலிருந்து அதட்டுகிற அதே குரல், தெரு வரைக்கும் கேட்கிற குரல்.

"டேய், நான் தோத்துட்டேன். நல்லாப் பாத்துக்கிட்டியா? முதல்ல பெரியம்மாவுக்கு ஃபோனைப் போட்டு, நான் தோத்துட்டேன்னு சொல்லு."